அக்கா கொடுத்த எரு

வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தை மூத்த மருமகள் கார் ஷெட்டுக்குக் கேட்டாள். இளையவள் அதில் ரசாயன உரம் ஒரு சிட்டிகைகூடப் போடாமல் தக்காளியும் பீன்ஸும் வளர்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் நல்ல பிள்ளையாகத் தீர்ப்புச் சொன்னார்.

"காய்க்கிற வரைக்கும் தோட்டம். காய்க்கலைன்னா ஷெட்."

இளையவளுக்கு அந்த மண்தான் உயிர். காய்ந்த இலையால் மூடி, சமையல் கழிவை மக்கவைத்துப் போட்டு, கட்டாந்தரையாகக் கிடந்ததைப் பொலபொலவென்று உதிரவைத்திருந்தாள். மண்புழு நெளிந்தால் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவனும் பாவம், ஒவ்வொரு தடவையும் எழுந்துவந்து பார்ப்பான்.

மூத்தவள் சண்டை போடவில்லை. அவளுக்கு ஒரு மாட்டுப் பண்ணையில் அலுவலக வேலை. அங்கே புல்வெளிக்குக் களைக்கொல்லி அடிப்பார்கள். புல்லுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மருந்து சாணத்தோடு இறங்கிவிடும். காய்கறிச் செடியைச் சுருட்டிவிடும். அந்தச் சாணத்தைத் தோட்டத்துக்குத் தரக்கூடாது என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். நாலு மூட்டை கொண்டுவந்து இறக்கினாள்.

"எனக்காக்கா?" இளையவளுக்கு வாயெல்லாம் பல்.

"வேற யாருக்கு? எனக்குன்னு இருக்கிற தங்கச்சி நீதானே."

தக்காளிக் கொழுந்து சுருண்டது. பீன்ஸ் இலை கிண்ணம்போலக் குவிந்தது. புல் மட்டும் மதமதவென்று வளர்ந்தது. சாணம் கெடுதல் செய்யும் என்று யாருக்குத் தோன்றும்? மண்ணுக்குத் தெம்பு போதவில்லை என்று இளையவள் முடிவுகட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாக்கா?" என்று போய் நின்றாள். கிடைத்தது. செடிகள் இன்னும் சுருண்டன. திரும்பவும் போய் நின்றாள்.

ஒரு காய் பிடிக்கவில்லை. ஷெட்டுக்கு அளவெடுத்த அன்று, கடைசி மூட்டையைக் கொண்டுவந்த பண்ணை வண்டிக்காரர் பாத்தியைப் பார்த்துப் பதறினார்.

"ஐயோ, இதைக் காய்கறிக்கா போட்டீங்க? மருந்து அடிச்ச புல்லைத் தின்ன மாட்டுச் சாணம்மா! உங்க அக்காகிட்ட அப்பவே சொன்னேனே!"

இளையவள் மண் ஒட்டிய கையோடு உள்ளே ஓடினாள். "தெரிஞ்சேதான் குடுத்தீங்களாக்கா?"

மூத்தவள் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "முதல் நாலு மூட்டை நான் குடுத்தேன், இல்லேங்கல. மத்ததெல்லாம் நீ கேட்டு வாங்கிப் போட்டது."

இளையவள் மாமனாரைப் பார்த்தாள்.

"அவ சொல்றதும் நியாயந்தானேம்மா" என்றார்.