கழுவிப் போட்ட பொட்டலங்கள்

சர்ச் மணி அடித்து ஓய்வதற்குள் ரோஸ்விதா மூன்று காலிப் பொட்டலங்களையும் வெந்நீரில் கழுவி முடித்திருந்தாள். உள்ளே ஒட்டியிருந்த பிசுக்குப் போக ஒரு சொட்டு சோப்பும் விட்டுத் தேய்த்தாள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தட்டு நிறைய ஸ்பெட்ஸ்லே, அந்த ஊர் முட்டை நூடுல்ஸ், குவித்து வைத்த படம், பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரன் ஒருவனின் இளிப்பு. அவன் முகம் உள்ளே போகும்படி மடித்து, மஞ்சள் குப்பைப் பையின் அடியில் தள்ளி, நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள். பிளாஸ்டிக் எடுக்கிற வண்டி திங்கள் விடியற்காலையில் வரும். அவள் கணவர் லோத்தார் பையை வாங்கிக்கொண்டு போய், தெருவில் எல்லாரும் செய்கிற மாதிரி, வாசல் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார்.

மற்றக் குப்பைக்கான கறுப்புத் தொட்டியில் போட்டிருந்தால் வம்பே இல்லை. அதற்கு மூடி உண்டு, எவரும் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் அறுபது வயது வரை பிளாஸ்டிக்கைக் கறுப்புத் தொட்டியில் போட்டறியாத பொம்பளை அவள். பொய் சொல்ல வாய் கூசவில்லை, குப்பையை மாற்றிப் போடத்தான் கை கூசியது. இந்த ஊர்க்காரர்களின் நேர்மை அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் பையோ வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே தெரியும்.

பொய் ஆரம்பித்தது குளிர்காலத்தில். வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிக்கொண்டது. ஸ்பெட்ஸ்லே என்றால் மாவையும் முட்டையையும் குமிழ் கிளம்பும்வரை மரக்கரண்டியால் அடிக்க வேண்டும், சளைக்காமல். அப்புறம் நனைத்த பலகையில் அந்த மாவை மெல்லிசாக இழுகி, கொதிக்கிற பானையின் விளிம்பில் பலகையைச் சாய்த்துப் பிடித்து, தகட்டால் நூல் நூலாகச் சீவித் தண்ணீரில் தள்ள வேண்டும். மிதந்து வந்ததும் அரித்தெடுக்க வேண்டும். ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு வால் நீளம் என்று அது கோணல்மாணலாக இருந்தால்தான் கையால் சீவியது என்று அர்த்தம், குழம்பும் அப்போதுதான் அதில் ஒட்டும். ஊர்த் திருவிழாவில் ரோஸ்விதா சீவுவதைப் பார்க்கவே நாலு பேர் கூடி நிற்பார்கள். அந்தக் கை ஒருநாள் பலகையைப் பானைக்குள்ளேயே நழுவவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பக்கத்து டவுனான மூன்சிங்கன் வரை போய், தெரிந்த முகம் எதுவும் வராத கடையாகப் பார்த்து, குளிர்பெட்டியிலிருந்து பொட்டலங்களை எடுத்துக் கூடையில் வேறு சாமானுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

ஞாயிறு விருந்துக்கு அதை வெண்ணெயில் புரட்டினால் வேலை முடிந்தது. அதோடு விட்டாளா? ஒரு கரண்டி மாவைக் கரைத்துப் பலகையில் பூசி, கழுவுகிற தொட்டியில் ஊறப்போட்டாள். ஏப்ரனில் மாவைத் தட்டிக்கொண்டாள். முட்டை ஓடும் நாலு கிடக்க வேண்டுமே! அதற்காக உடைத்த முட்டைகளை லோத்தார் சனிக்கிழமை தவறாமல் பொரியலாகத் தின்றார். "கொழுப்பு ஏறுதுன்னு டாக்டர் கத்துறாருடி" என்பார், தட்டை வழித்தபடி.

இத்தனையிலும் அவளை உள்ளுக்குள் அரித்தது மருமகள் வீப்கேயின் நினைப்புதான். வீப்கே வடக்கே கடற்கரைப் பக்கத்தவள், உருளைக்கிழங்கும் மீனும் தின்று வளர்ந்தவள். கல்யாணமான புதிதில், மாமியார் மனம் குளிரட்டும் என்று பிழிகிற அச்சு ஒன்று வாங்கி, எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஸ்பெட்ஸ்லே செய்து வைத்தாள். எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம். ரோஸ்விதா முள்கரண்டியில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது என்னம்மா, மழைக்கு வெளிய வந்த மண்புழுவா?" என்று கேட்டாள். மேஜையே சிரித்தது. வீப்கேயும் காது சிவக்கச் சிரித்தாள். அன்றோடு சரி, அவள் மாவில் கை வைத்ததில்லை. ஞாயிறு விருந்துக்கு ஒரு கிண்ணம் சாலட் கொண்டுவருவாள், அதைப் பற்றி யாரும் நல்லதும் சொன்னதில்லை கெட்டதும் சொன்னதில்லை.

அன்றைக்கும் சாலட் கிண்ணத்தோடு அவளும் மகன் வோல்கரும் வந்தார்கள். லோத்தாரின் அக்கா ஹெட்விக் சர்ச்சிலிருந்து நேரே வந்தாள். எழுபதைத் தாண்டியும் கண்ணும் பல்லும் வாயும் கெட்டி. இறைச்சிக் குழம்பைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு ரெண்டு வாய் தின்றாள்.

"இதுதாண்டி ஸ்பெட்ஸ்லே! வாயில வச்சா கை தெரியணும். தெரியுது."

ரோஸ்விதா குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

"ஆமா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் ஹெட்விக். "உன் வாசல்ல தொங்குற பையிலேருந்து சமையக்காரன் ஒருத்தன் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுறானே, யாரு அவன்? கடை ஸ்பெட்ஸ்லே இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

மடித்த பிளாஸ்டிக் மடிந்தே கிடக்குமா? பைக்குள் விரிந்துகொண்டுவிட்டது. ரோஸ்விதா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். லோத்தார் மெல்லுவதை நிறுத்தினார். சனிக்கிழமை முட்டைகளெல்லாம் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக வந்துபோன மாதிரி இருந்தது.

"எங்களுது பெரியம்மா" என்றாள் வீப்கே. "எங்க வீட்டுப் பை நிறைஞ்சிருச்சு. வரும்போது இதுல திணிச்சேன்."

"அதானே பாத்தேன்! மீன்காரிக்கு மாவு எங்க வசப்படும்? ஏண்டா வோல்கர், இந்தக் கையால தின்னு வளந்துட்டு, அங்க போய் அதையா விழுங்குறே?"

வோல்கர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான். 'இல்லை அண்ணி, அது நான் வாங்கினது.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ரோஸ்விதா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"விடுங்க அண்ணி" என்றாள். "பொட்டலத்தைப் பிரிக்கவாவது கத்துக்கிட்டாளே, அதுவரைக்கும் லாபம்."

ஹெட்விக் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். ரோஸ்விதாவுக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. வீப்கே சிரிக்கவில்லை. பெரிய கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஸ்பெட்ஸ்லே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, மாமியாரைப் பார்த்தபடியே நிதானமாகத் தின்றாள்.

பாத்திரம் கழுவ இருவரும் அடுப்படிக்கு வந்தபோது ரோஸ்விதா கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே. பலகை ஊறுது, பானை உலர்ந்து கெடக்கு. அவ்வளவு தண்ணி கொதிச்சா ஜன்னல்ல ஆவி படியாதா அத்தே?"

ரோஸ்விதா ஜன்னலைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. பலகையில் மாவு பூசத் தெரிந்தவளுக்கு அது தோன்றவில்லை.

"என்னைக் காப்பாத்தணும்னு ஏம்மா நீ..."

"உங்களுக்காக ஒண்ணுமில்ல. அந்த மாதிரி மேஜையில நான் ஒருநாள் உக்காந்திருக்கேன். இன்னொருத்தர் உக்காந்தா எனக்குச் சோறு எறங்காது, அதான்." வீப்கே தட்டைத் துடைத்து அடுக்கினாள். "ஆனா பொட்டலம் பிரிக்கிற பேச்சு வேணாம் அத்தே. அது இல்லாமலே நான் பழியை ஏத்துக்கிட்டேனே."

ரோஸ்விதாவுக்குத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, வழி தெரியாமல் நின்றது. அவள் கேட்டது வேறு.

"அந்த அச்சு இன்னும் இருக்கா? என் கைக்கு இனிமே சீவ வராது. அதுல பிழியலாம்னா..."

"அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் வீப்கே. ஈரத் துணியை மடித்துக் கம்பியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

ஹெட்விக் கிளம்பும்போது மிச்ச ஸ்பெட்ஸ்லேயை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டாள். "கையால சீவுனது, ராத்திரிக்குச் சீஸ் போட்டு வதக்கிக்குவேன்" என்று டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில், காரில் ஏறிக்கொண்டிருந்த வீப்கேயைக் காட்டி உரக்கவே சொன்னாள்: "அடுத்த ஞாயிறு நான் வெள்ளனவே வந்துர்றேன். இவளை அடுப்புகிட்ட நிக்கவச்சு நீ சீவிக் காட்டு. நானும் பாக்குறேன், எப்படிக் கத்துக்காமப் போறான்னு."

வீப்கே மடியில் காலிச் சாலட் கிண்ணத்தோடு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வோல்கர் காரைக் கிளப்பினான்.

"அண்ணி, கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணு காட்டணும்" என்றாள் ரோஸ்விதா.

கேட்டிலிருந்து மஞ்சள் பையைக் கழற்றினாள். காலையில் அவளே போட்ட இரட்டை முடிச்சு. கட்டைவிரலை நாடாவுக்குள் நுழைத்தாள், வலி முழங்கைவரை ஏறியது, முடிச்சு அசையவில்லை. இடது கையால் முயன்றாள். கிழித்துவிடலாம்தான், ஆனால் தெருவில் குப்பை கொட்டுமே என்று அப்போதும் தோன்றியது.

"என்னடி இது, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா நடுத்தெருவுல குப்பையைக் கிளறிக்கிட்டு?" ஹெட்விக்குக்குத் திகைப்பு. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. லோத்தார் படியிறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டார். நகரப்போன கார் நகரவில்லை, இன்ஜின் சத்தம் அடங்கியது.

ரோஸ்விதா யாரையும் பார்க்கவில்லை. பையை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவள் கண்ணுக்கு அருகே, மெல்லிய பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம், சமையல்காரன் தலைகீழாக இளித்துக்கொண்டிருந்தான். பை முழுக்கச் சோப்பு வாசனை அடித்தது.