மச்சானின் மந்தை

இருபது வருடமாக மேய்ச்சல் நிலத்தைப் பாடியும் வரைந்தும் பேர் வாங்கியவர் அந்தக் கவிஞர். ஆனால் ஒருநாள்கூட ஆடு மேய்த்ததில்லை. அதைக் குத்திக்காட்ட அவர் மனைவியின் அண்ணன் தவறியதே இல்லை. மச்சானுக்குப் பிழைப்பே ஆடுதான். குன்றின் சரிவில் இவர் வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "மாப்ள, ஆடா இது? மேகத்துக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு," என்பார்.

அந்த மச்சான் பாறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். மந்தையை விற்றுவிடலாமா என்று பேச்சு எழுந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கவிஞருக்குப் பொறுக்கவில்லை.

"நான் பாத்துக்கறேன் மச்சான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மழை வந்தா வரி யோசிச்சிட்டு நிக்காதீங்க. ஆட்டை ஓட்டிட்டு வாங்க."

முதல் வாரம் ஆடுகள் அவரைப் படாத பாடு படுத்தின. எல்லாமே அவருக்கு ஒரே முகமாகத் தெரிந்தன. மாலையில் கட்டிலருகே உட்கார்ந்ததும் மச்சான் கேள்வியால் துளைப்பார்.

"காது மடிஞ்சவ தண்ணி குடிச்சாளா? எவ பின்தங்கினா?"

பதில் சொல்வதற்காகவே இவர் ஒவ்வோர் ஆட்டையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினார். தூரிகையைத் தொடவில்லை, ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரு மழைநாளில் குட்டியொன்று ஓடையில் சிக்கிக்கொண்டது. இறங்கித் தூக்கிச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு நடந்தார். அதன் நெஞ்சு தன் நெஞ்சோடு ஒட்டிப் படபடப்பதை வழியெல்லாம் உணர்ந்தார். 'பஞ்சுக்குட்டி' என்று எத்தனை பாடல்களில் எழுதியிருப்பார்! நனைந்த குட்டி பஞ்சாகவா இருந்தது? கல்லாகக் கனத்தது. வெட்கமாக இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாம் மாதம் ஆடுகள் மேயும் நேரத்தில் ஒரு படம் வரைந்தார். காய்ந்ததும் கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினார். மச்சானின் விரல் காற்றில் ஒவ்வோர் ஆடாகத் தொட்டு நகர்ந்தது. சட்டென்று நின்றது.

"கிழவியை எங்க காணோம்? மந்தையிலயே மூத்தவளாச்சே."

"பாறைக்குப் பின்னால. வெயில் ஏறினா அவ அங்கதானே படுப்பா? வால் தெரியுது பாருங்க."

மச்சான் சிரித்தார். இடுப்பு வலித்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, நாளைக்கு வடக்குச் சரிவுக்கு ஓட்டிட்டுப் போங்க. புல்லு தழைஞ்சிருக்கும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."