முதல் கை அந்தோனியாருக்கு

...நெற்வேர்க் பிழையாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் எந்த மடையன் முதல் முறையைச் சும்மா விடுவான், கையில் ஏழு எழுத்து இருக்க, பலகை முழுக்க வெறுமையாகக் கிடக்க, "பாஸ்" என்று ஒதுங்கிக்கொள்வது யார்... ஒரு தடவை என்றால் விரல் தவறிப் பட்டது என்று விடலாம். போனில் மூன்று மாதத்தில் இருபத்தொரு ஆட்டம், அதில் தான் தொடங்க வேண்டிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த ஆள், பெயர்கூட இல்லை, கெஸ்ட் என்றும் பின்னால் நான்கு இலக்கமும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் தலை ஒன்று, முதல் முறையை விட்டுவிட்டு இரண்டாவதில்தான் சொல் வைக்கிறது. நான் அறிய ஆங்கிலச் சொல் அடுக்குகிற விளையாட்டில் இப்படி விளையாடினவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், கலிஸ்ரா, ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் ரியூசன் கொடுப்பவள். மற்றவன் என் தம்பி அனிஸ்ரன். அவன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுக்கத்தான் இப்போது முல்லைத்தீவுக் கச்சேரியில், அரச அலுவலகத்தில், வரிசை இலக்கம் எடுத்துக்கொண்டு குந்தியிருக்கிறேன்.

இன்று காலை பஸ்ஸுக்குள்தான் அது அவனுடைய பழக்கம் என்று எனக்கு உறைத்தது... பொய், முதல் கிழமையே உறைத்ததோ, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேனோ? சண்டைக்குள் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களில் அவனிடம் ஒரு கொப்பி இருந்தது. விளையாட்டுச் சொற்கள் என்று தலைப்புப் போட்டு, ஆங்கிலச் சொல்லை இடப்பக்கமும் கருத்தை வலப்பக்கமும் எழுதிவைப்பான். அனகிராம்: ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து இன்னொரு சொல் செய்தல். குளூ: விடையைக் காட்டிக்கொடுக்கும் துப்பு. பிளாங்க்: எந்த எழுத்தாகவும் நிற்கக்கூடிய வெறும் கட்டை. பாஸ்: என் முறை வேண்டாம். அதற்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புப் போட்டு அந்தோனியாருக்கு என்று எழுதியிருந்தான், குரங்கன். அப்பா கடலுக்குப் போய் வந்தால் முதல் மீனைத் தொடமாட்டார், அது அந்தோனியார் கோயிலுக்கு. அதைப் பார்த்து வளர்ந்தவன் விளையாட்டிலும் அதைக் கொண்டுவந்தான், "முதல் கை அந்தோனியாருக்கு அக்கா, அவர் பாவம், ஆரும் அவரை விளையாட்டுக்குச் சேர்க்கிறேல்லை." பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுத்து வெட்டி, பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்போம், தூரத்தில் செல் விழ விழ அவன் புள்ளி கூட்டிக்கொண்டிருப்பான். சண்டையின் கடைசி நாட்களில் அவன் காணாமல் போன பிறகு நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். தொலைந்த ஆட்டையும் தொலைந்த பூட்டுத் திறப்பையும் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோனியார் எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லையே, அவருக்கு என்ன முதல் கை.

அதற்காக? வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராதா, எங்கோ கனடாவில் பொழுதுபோகாத கிழவி ஒருத்தி தன் பாட்டில்... ஆனால் காலையில் விரல் கேட்கவில்லை, பஸ் வட்டுவாகல் பாலத்தில் ஏறுகிறபோது, மூன்று மாதமும் ஒரு சொல்கூடப் பேசாத அந்த ஆளுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன், ஏன் முதல் முறையை விடுகிறீர்கள் என்று. இன்னும் பதில் இல்லை. மின்விசிறி கறகறக்கிறது, போனை மடியில் கவிழ்த்து வைக்கிறேன், நிமிர்த்துகிறேன், மறுபடி கவிழ்க்கிறேன். பக்கத்துக் கதிரையில் யாகப்பு அண்ணை, கடற்கரையில் எங்கள் மீன்வாடிக்குப் பக்கத்து வாடிக்காரர், சாட்சிக் கையெழுத்துக்காக இன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு வந்திருக்கிறார். "என்ன பிள்ளை, போனைப் போட்டு அந்தப் பாடு படுத்துறாய்?" ஒன்றுமில்லை அண்ணை என்கிறேன்.

அம்மா வரவில்லை. வரமாட்டாள். காணி அனிஸ்ரனின் பெயரில் இருக்கிறது, அப்பா ஆசையாக அவன் பெயருக்கு எழுதின காணி. அவனுடைய மரணச் சான்றிதழ் இருந்தால்தான் அதை அம்மாவின் பெயருக்கு மாற்றலாம், மாற்றினால்தான் வீட்டுத்திட்டத்தில் பெயர் வரும், வெள்ளிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது என்று ஊருக்குப் பொறுப்பான விதானையார் சொல்லிவிட்டார். மாரிக்கு மாரி தகரம் ஒழுகி ஒழுகி அம்மாவின் நெஞ்சுக்குள் சளி கட்டிப்போய்க் கிடக்கிறது, போன வருடம் பதினொரு நாள் ஆஸ்பத்திரி. ஆனாலும் காலையில் படலையடியில் நின்று என்ன சொன்னாள்? "அவன் சாகேல்லை. நீ சைன் வைச்சாத்தான் சாவான்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, "அப்ப நீங்கள் நனைஞ்சு நனைஞ்சு சாகுங்கோ" என்று கத்திவிட்டு வந்தேன்.

"டீச்சர், வாங்கோ." கூப்பிட்டது டக்சாயினி, என்னிடம் ஏபிசி படித்த பிள்ளை, இன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். படிவத்தை எல்லாம் அவளே அழகாக நிரப்பி வைத்திருக்கிறாள். இறந்த திகதி, 2009 மே 15. இடம், கரையோரம். நீலச் சேட்டுப் போட்டிருந்தார், மணலில் குப்புற விழுந்து கிடந்தார். நான் கொடுத்த விபரந்தான். எத்தனை தரம் எத்தனை மேசைகளில் சொன்ன விபரம், கண்ணை மூடினால் அந்த நீலம் தெரியும், ஈர மணல் தெரியும்... முகம் மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை, குப்புறக் கிடந்தவனின் முகம் எப்படித் தெரியும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். யாகப்பு அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாட்சி என்ற இடத்தில் ஆறுதலாகக் கையெழுத்து வைக்கிறார். அப்போதுதான் மடியில் போன் அதிர்ந்தது.

அந்தக் கெஸ்ட்தான், ஆங்கிலத்தில் ஒரே வரி. ஒருவர் பழக்கிவிட்டார், முதல் முறை ஒரு புனிதருக்காம், 2012இல் நாங்கள் ஒன்றாக இருந்தோம்.

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். 2012. 2012இல் எங்கே, யாரோடு ஒன்றாக, எந்தக் கூரைக்குக் கீழே... 2009இல் குப்புற விழுந்தவன் மூன்று வருடம் கழித்து எப்படி ஒருவருக்கு விளையாட்டுப் பழக்குவான்? "அண்ணை," என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது, "நீங்கள் அவனை உண்மையா கண்டனீங்கள்தானே? நீலச் சேட்டோட?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பிள்ளை கேக்கிறாய்? நான் எங்க கண்டனான்? நீ கண்டனீ எண்டு சண்டை முடிஞ்சு முகாமில வைச்சு அழுது சொன்னனீ. நீ சொன்னதைத்தானே நான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரியிறன்."

நானா? இல்லை, நான் காணவில்லை, என்னிடம் சொன்னது அவர், முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது அவர்தான் சொன்னார்... சொன்னாரா? நீலம் என்று முதலில் சொன்னது யார்? அவனிடம் நீலச் சேட்டு இருந்ததா? நான் அவரிடம் வாங்கி, அவர் என்னிடம் வாங்கி, இரண்டு பேருமாகச் சேர்ந்து பதினாறு வருடமாக ஒரு பிரேதத்தைக் கட்டி எழுப்பியிருக்கிறோம், அதற்கு இடையில் ஒருவருமே அங்கே நின்று பார்க்கவில்லை. ஐயோ, அந்தக் கரையில் உண்மையில் யார்தான் விழுந்து கிடந்தது, ஒருவருமே இல்லையா?

"டீச்சர், இதில ஒரு சைன் வைச்சா முடிஞ்சுது," டக்சாயினி விரலால் இடத்தைக் காட்டுகிறாள், "பின்னேரம் நான் இல்லை, இனித் திங்கள்தான்." திங்கள் என்றால் பட்டியல் போய்விடும், மாரி வந்துவிடும். பேனை வலக்கையில். இடக்கையால் எங்கே என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன், அந்த ஆள் எழுதத் தொடங்குகிறது, மூன்று புள்ளிகள் அசைகின்றன, நிற்கின்றன, மறுபடியும் அசைகின்றன... எவ்வளவு அழுதிருக்கிறேன், ஒரு சொல் வரட்டும், எங்கே இருந்தாலும் ஒரே ஒரு சொல் வரட்டும் என்று. இப்போது என் வாய் ஏதோ முணுமுணுக்கிறது, செபமாக்கும் என்று யாகப்பு அண்ணையும் தலையைக் குனிந்துகொள்கிறார். என்ன சொல்கிறேன் என்று நானே காது கொடுத்துக் கேட்டேன். வராதே ராசா, இப்ப வராதே, அம்மாவுக்கு ஒரு வீடு வருமட்டுமாவது வராதே.