வியாழக்கிழமை ஃபோன்

சங்கிலிபூதத்தானுக்குப் பதினொரு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். பிறந்தபோது மூளைக்குக் காற்றுப் போகாததால் வந்த வாதம் என்றார் பாளையங்கோட்டை டாக்டர். அவர் சொல்லித்தான் பெற்றவர்கள் சுகன்யாவும் மணிராஜும் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிப்போனார்கள். அடிக்கடி வர இயலாது என்றபோது, அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் கிரேஸ், வியாழக்கிழமைதோறும் தானே ஃபோன் பண்ணுவதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து வியாழன் சாயங்காலம் ஆனால் சுகன்யா பீடித்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முக்கூடல் பஜாரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் பிள்ளையோடு போய்க் காத்திருப்பாள்.

கிரேஸ் கேட்கும் கேள்விகள் அவளுக்குப் பிடிபடவில்லை. குளிப்பாட்டும்போது விரல் விரியுதா? சரி. நீங்க தூங்குனீங்களா, வீட்டுக்காரர் பிள்ளையத் தூக்குறாரா? இதெல்லாம் எதற்கு?

"சும்மா எவளாவது ஃபோன் பண்ணுவாளா? படம் பிடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புததுக்கா இருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு வடிவம்மாள்.

மணிராஜ் வாழைத்தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் அதையே பிடித்துக்கொண்டான். "ஏட்டி, அவ என்னைய எதுக்கு விசாரிக்கா? பிள்ளைய வளக்க வக்கில்லன்னு சொல்லித் தூக்கிட்டுப் போவதுக்கா?"

சுகன்யாவுக்கும் உள்ளுக்குள் அரித்தது. தைலம் விற்றவன் மூன்று மாதத்தில் நடப்பான் என்று சொன்னான். தாயத்துக் கட்டியவரும் அப்படித்தான். இவளும் அந்த ரகமா என்று பார்த்துவிட நினைத்தாள்.

அடுத்த வியாழன் ஃபோனை எடுத்ததுமே சொன்னாள். "நேத்து பிள்ள தானாப் புரண்டு குப்புற விழுந்துட்டான்."

கிரேஸ் விவரம் கேட்டார். "எந்தப் பக்கமா விழுந்தான்?"

"வலப்பக்கம்."

"வலது கை நெஞ்சுக்கடியில மாட்டிக்கிட்டுதா?"

"இல்ல, நல்லா நீட்டிக்கிட்டான்."

"எனக்கு நம்பிக்கை வரலம்மா. போன வாரம் அந்தக் கையைப் பிரிக்கவே முடியலைன்னீங்க. நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் அடுத்த பயிற்சி சொல்லணும். தப்பாச் சொன்னா வலி அவனுக்குத்தான்."

சுகன்யாவுக்கு முகம் சுட்டது. கூடவே மனசிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. "பொய்தான் சொன்னேன். எது சொன்னாலும் நல்லது நல்லதுன்னு சொல்லுதீயளான்னு பாத்தேன்."

"சரி. வேற என்ன சந்தேகம்? கேளுங்க."

"இவன் நடப்பானா?"

"தெரியாது. உட்கார வைக்கலாம்னு நம்புறேன். அதுக்குமேல இப்ப சொன்னா அது பொய்."

அதுவரை அவளிடம் தெரியாது என்று சொன்னவர் யாரும் இல்லை. பூத்துக்குள் நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதாள். கிரேஸ் ஃபோனை வைக்காமல் இருந்தார்.

மறுவாரம் மணிராஜும் வந்தான். ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கி, "என்னைய எதுக்கு விசாரிக்கீய?" என்றான்.

"அந்தம்மா ராப்பகலா தனியாத் தூக்க முடியாதுங்க, அதுக்குத்தான். பிள்ளை பக்கத்துல இருக்கானா? இடுப்புல வைங்க. ரெண்டு காலும் ரெண்டு பக்கம் விரியணும். இழுக்காதீங்க, பைய விரிங்க."

அவன் சுகன்யாவைப் பார்த்தான். பிறகு ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிள்ளையை வாங்கினான். முதலில் விறைத்த கால்கள், அவன் அசையாமல் நிற்க நிற்க, மெல்லத் தொய்ந்து அவன் வயிற்றில் படிந்தன.

சங்கிலி இரண்டரை வயதில் சுவர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தான். நடக்கவில்லை. மணிராஜுக்குச் சந்தேகம் முழுதாகப் போகவுமில்லை. கிரேஸ் பிள்ளையின் படம் ஒன்று கேட்டபோது தர முடியாது என்றுவிட்டான். ஆனால் வியாழக்கிழமைகளில் தோட்டத்திலிருந்து சீக்கிரம் கிளம்பிவிடுவான்.