தொட்டிக்குள் விழுந்த சத்தம்

ஜூனிபர் தழை கொதிக்கும் வாசனை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு எழுபத்து நான்காம் வருஷத்து டிசம்பர்தான் நினைவுக்கு வரும். என் கணவர் ஷூர் இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

எங்கள் வோஸ் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் பீரை ஜூனிபர் தழை போட்டு வீட்டிலேயே காய்ச்சுவோம். அதைப் புளிக்கவைக்க ஈஸ்ட்டைப் போடும்போது தொட்டிக்கு மேலே குனிந்து அடிவயிற்றிலிருந்து கூவ வேண்டும். கூவல் எவ்வளவு பலமோ, பீரும் அவ்வளவு பலம். என் மாமனார் கூவினால் ஏரிக்கு அக்கரையில் நாய் குரைக்கும். அந்த இலையுதிர் காலத்தில் அவர் இறந்துபோனார். வேலை ஷூரின் தலையில் விழுந்தது. ஷூரோ அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட வாய்விட்டு அழாதவர்.

ஈஸ்ட் போட்ட மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் ருசி பார்க்க வருவார்கள். பீர் வரவில்லையென்றால், கிழவரோடு அந்த வீடு முடிந்தது என்று ஊர் பேசும். அந்தப் பயத்தில் ஷூர் பெர்கனிலிருந்து ஒரு புத்தகமும் வெப்பமானியும் வாங்கி வந்தார். புத்தகம் சொன்னபடி, காய்ச்சிய தானியச் சாற்றை இருபது டிகிரிக்கு ஆறவிட்டார். ஈஸ்ட்டைப் போட்டு, தொண்டையைச் செருமுவதுபோல "ஹோ" என்றார். அவ்வளவுதான் கூவல்.

மறுநாள் காலையில் ஒரு குமிழிகூட இல்லை. பக்கத்துப் பண்ணை கிட்லே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா ஷூர், உன் ஈஸ்ட்டு ஜெபம் பண்ணுதா? சத்தத்தையே காணோம்!"

அவர் போனதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஈஸ்ட்டுக்குப் படிக்கத் தெரியுமா? உங்கப்பா முழங்கைய விட்டுப் பாப்பாரு. கறந்த பால் சூடு இருக்கணும். நீ அதைக் குளிர்ல போட்டு தூங்க வெச்சிருக்க!"

பால் கேன்களில் வெந்நீரை நிரப்பி, இறுக மூடி, தொட்டிக்குள் இறக்கினோம். மத்தியானத்துக்குள் சூடு ஏறியது. துணியில் காயவைத்திருந்த ஈஸ்ட்டில் கடைசிப் பிடி மட்டும் மிச்சம்.

"இந்தத் தடவை கத்து" என்றேன்.

"என்னன்னு கத்துறது?"

"வாயில வர்றத."

ஷூர் குனிந்தார். ஈஸ்ட்டை உதறினார்.

"அப்பா!"

ஒரு தடவை இல்லை. தொண்டை கிழியும் வரை கூப்பிட்டார். கிட்லே ஒற்றைக் காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்தார். தொட்டியைக் கட்டிக்கொண்டு ஷூர் குலுங்கிக் குலுங்கி அழுவதைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். நாங்கள் மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். இருட்டும் நேரத்தில் தொட்டி ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டத் தொடங்கியது.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஆட்கள். கிட்லே ஒரு மிடறு குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கப்பாவோட பீர் மாதிரி இல்லியே."

"ஆமா, இது என்னோடது" என்றார் ஷூர், தன் வழக்கமான மெல்லிய குரலில்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு கிண்ணத்தை மறுபடி நீட்டினார்கள். இதைக் கேட்க மாமனார் இல்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.