போத்தலுக்குள் ஒரு சோழி

வெள்ளவத்தைக் கடற்பாறையில் அந்தச் சோழி அகப்பட்டபோது தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. சோழி சுண்டுவிரல் நகமளவுதான். இனி மார்கழி வரை அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. என் ஆய்வுக்கோ ஆவணிவரைதான் தவணை.

ஓடு மட்டும் பார்த்தால் சாதாரணச் சோழி. ஆனால் உயிருள்ள சோழி தன் மெல்லிய தோலை வெளியே விரித்து ஓட்டின் மேலேயே போர்த்துக்கொள்ளும். அந்தத் தோலில் செம்மஞ்சள் புள்ளிகளை ஒரு கணம் கண்டேன். இந்தக் கரையில் யாரும் பதிவு செய்யாத இனம். என் மேற்பார்வையாளர் தில்லைநாதன் சேர் மசியவில்லை. "நீர் சொல்லுறதை வச்சு எழுதேலாது, மிதுனா. படம் வேணும்."

நான் வாடகைக்கு இருப்பது கனகேஸ்வரி அன்ரியின் வீட்டு அறையில். சுத்த சைவம். தனிப்பெண்ணுக்கு அறை தர இந்தத் தெருவில் வேறு ஆளில்லை. சோழியை நான் கொண்டுவந்த போத்தலைக் கண்டு மீனோ மச்சமோ என்று முகம் சுளித்தவர், நான் கெஞ்சிய பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டார். வீட்டுக்குள் அதைக் கொல்லக்கூடாது.

நான்கு நாள் கடல்தண்ணீர் மாற்றி, கறுப்புத்துணி போர்த்தி, கமராவோடு தவம் கிடந்தேன். நான்காம் நாள் இரண்டு உணர்கொம்புகள் எட்டிப் பார்த்தன. அவற்றின் அடியில் ஊசிமுனைக் கண்கள். தோலின் விளிம்பும் தெரிந்தது. கமராவைத் தூக்கினேன், உள்ளே போய்விட்டது. நாளைக்கு முழுதாக விரிக்கும் என்று சந்தோஷமாகப் படுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பஸுக்குப் போய் மதியம் திரும்பினேன். அன்ரி திருநீறும் சிரிப்புமாக வாசலில் நின்றார்.

"பாவம், உப்புத்தண்ணிக்குள்ள கிடந்து வாடிப்போச்சு. வடிகட்டின தண்ணி மாத்திவிட்டனான். உடன வெளிய வந்திட்டுது, போய்ப் பாரும்."

வந்துதான் இருந்தது. பாதம், கொம்புகள், போர்வைத் தோல், நான் பார்க்க ஏங்கிய அத்தனையும் ஊதி, வெளிறி, வெளியே தொங்கின. புள்ளி ஒன்றுகூட இல்லை. உப்பில்லாத தண்ணீர் கடலுயிருக்கு நஞ்சு. அந்த மனுசியின் புண்ணியத்தில் நெருப்பு விழ என்று மனதுக்குள் திட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு, ஒன்றுக்கும் உதவாதென்று தெரிந்தும், படம் எடுத்தேன்.

பின்னேரம் அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டினார்.

"பிள்ளை, வீடு முழுக்க மச்சம் நாறுது. கொல்லக்கூடாதெண்டு நான் முதலே சொன்னனான் எல்லே?"

இந்த அறையை விட்டால் எனக்குப் போக்கிடமில்லை.

"ஓம் அன்ரி, என்ர பிழைதான்" என்றேன்.