போர்கில்ட் வீட்டுப் புகை

அந்த ஜனவரியில் ஒருநாள் போர்கில்ட் வீட்டுப் புகை புகைபோக்கி வழியாக வெளியே போய், வாசல் வழியாகத் திரும்பி வந்தது. காலணிப் பலகையருகே சற்றுத் தயங்கி நின்றுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது. அன்று மீன் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

நார்வேயின் பெர்கன் நகரம் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. காற்றசையாத குளிர்நாட்களில் ஊருக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும். எரித்ததெல்லாம் உள்ளேயே தங்கும். அப்போது போர்கில்டின் கணவர் அஸ்லாக் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து இருமிவிட்டுத்தான் மேலே போவார். விறகுக் கணப்பை நிறுத்தாவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்கு நுரையீரல் தாங்காது என்றார் மருத்துவர். போர்கில்டுக்கு அது அவமரியாதையாகப் பட்டது. அஸ்லாக் பிளந்து, அவள் சுவர்போல அடுக்கிய பிர்ச் மரத்து விறகு அது; தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தப்பெல்லாம் கார்கள்மேல், துறைமுகத்துக் கப்பல்கள்மேல், முக்கியமாக எதிர்வீட்டு ரான்டியின் கணப்பின்மேல். அதனால் தினமும் மாலையில் கணப்பை மூட்டினாள். இரவில், ஊரார் எல்லாரையும்போல, அவருக்கு நல்ல காற்று வேண்டுமென்று படுக்கையறை ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள்.

இப்போது வந்த புகையை அவள் ரான்டியிடம் ஒப்படைக்கக் கூட்டிப்போனாள். ரான்டி முகர்ந்து பார்த்தாள்.

"இது பிர்ச். நான் எரிக்கிறது பைன். உன்னுதை நீயே வச்சுக்கோ."

"தெருவில எத்தனையோ பேர் பிர்ச் எரிக்கிறாங்க."

"அப்போ அது உன் பின்னாடியே ஏன் போகுது?"

புகை வீடு திரும்பியது. யாரும் வழிகாட்டாமலே மாடியேறி, முனகும் மூன்றாம் படியைத் தாண்டிக் கால்வைத்து, கட்டிலில் அஸ்லாக் பக்கமாகப் போய் உட்கார்ந்தது.

"இதுவா?" என்றார் அஸ்லாக், இருமிக்கொண்டே. "ராத்திரி ராத்திரி ஜன்னல் வழியா வரும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"விறகைப் பிளந்தவன் நான்தானே. அப்புறம், கணப்பு முன்னாடி உக்காந்தா உன் முகம் நல்லா இருக்கும்."

போர்கில்ட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் வலித்தது ரான்டி சொன்னது சரியாகிப்போனதுதான். அவருடைய இருமல் அதற்கப்புறம்தான் வலித்தது. அந்த வரிசையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கணப்பை அணைத்து, மின்கணப்பைப் போட்டாள். கல்யாணமான நாள்முதல் இரவில் மூடாத ஜன்னலை, ஊர்மேல் கிடந்த மூடி விலகும்வரை சாத்திவைத்தாள்.

பிப்ரவரியில் கடற்காற்று வந்தது. மார்ச்சில் அஸ்லாக் படியில் உட்காராமல் மேலே போனார். போய்விட்டு, சரிதானா என்று இன்னொரு தடவை இறங்கி ஏறினார். ரான்டியும் மின்கணப்புக்கு மாறினாள், ஆனால் அது தன் சொந்த யோசனை என்றாள்.

விறகுச் சுவர் அப்படியே இருக்கிறது. இன்றும் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். வேலை போன புகை மெலிந்துபோய் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். போர்கில்ட் காலையில் காப்பியோடு வந்து, காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்காருவாள். பெர்கனில் மழைக்குக் குறைவில்லை. மழை வந்தால் குடையைப் புகையின்மேல் சாய்த்துவிட்டு, தான் நனைந்துகொண்டே உள்ளே போவாள்.